இரண்டாவது மைக்

கூட்ட மேடையில் இரண்டு மைக் இருக்கும். முதலாவது போதகருக்கு, இரண்டாவது சாருக்கு. சுவரொட்டியில் கோட்டும் டையும் சிரிப்புமாகப் போதகர் படம் மட்டும்தான் வரும். சார் பெயர் பொடி எழுத்தில்கூட வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் தஞ்சாவூரிலும் பூதலூரிலும் கும்பகோணத்திலும் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஜனம் இத்தனை வருஷமாகக் கேட்டதெல்லாம் சாரைத்தான். இது அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. உறைத்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். எனக்கும் அவர்தான் பாடம் எடுத்தார். சனிக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு. வெளிநாட்டிலிருந்து யாராவது போதகர் வந்தால் சாயங்காலக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பு. ஆள் ஒல்லி, குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு. போதகர் கையை உயர்த்தினால் இவரும் உயர்த்துவார். போதகர் முழங்கால் போட்டால், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இவரும் போடுவார். நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டு பாடகர் குழுவில் இருந்தேன். எங்கள் குழு மேடையில் அவருக்குப் பின்னால்தான் நிற்கும். அதனால் இரண்டு மைக்கிலும் வந்தது எனக்குக் கேட்டது.

ஊருக்குள் கேபிள் டிவி வந்த காலம் அது. வீட்டுக்கு ஒரு பிள்ளை வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ விசாவுக்குக் காத்திருந்தது. ஜெப விண்ணப்பம் என்று யார் எழுதிக்கொடுத்தாலும் பாதி விசாவாகத்தான் இருக்கும். வெளிநாட்டுப் போதகர்கள் வரத்தும் அப்போதுதான் கூடியது. அதில் ஒரு அமெரிக்கப் போதகர் வருஷம் தவறாமல் வருவார். நல்ல உயரம், வெளுத்த புருவம், யாரைப் பார்த்தாலும் தோளைத் தட்டும் பழக்கம்.

பூதலூரில் அறுப்பு முடிந்த வயலில் அவருக்கு ஒரு கூட்டம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குப் பொறி தட்டியது. போதகர் இங்கிலீஷில் சொன்னது இதுதான்: உன்னிடம் விசுவாசம் இருந்தால் உன் வீட்டு வாசலில் கார் நிற்கும், நிற்கவில்லை என்றால் உன் விசுவாசத்தில் ஓட்டை இருக்கிறது. சார் தொண்டையைச் செருமினார். "கையில் ஒன்றும் இல்லாதவனையும் ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்" என்றார். அறுப்புக் கூலிக்குப் போய்விட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தன்னுடைய கார் பேச்சுக்குத்தான் இவ்வளவு கண்ணீர் என்று நினைத்துப் போதகர் இன்னும் உற்சாகமாகக் கையை வீசினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற பாடகர் குழு அக்கா என்னைக் கிள்ளினாள்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டுவிட்டேன்.

"சார், அவரு சொன்னது அது இல்லையே."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்."

"கேட்டத உன்னோட வச்சுக்க." கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "மதகுல நிக்கிறவன் வர்ற தண்ணியெல்லாத்தையும் வயலுக்கு விட்டுருவானாம்மா? சாக்கடை கலந்து வந்தா பலகையப் போட்டு அடைக்கத்தான் செய்வான்."

"அதுக்கு நீங்க போகாமலே இருந்துரலாமே சார்."

"நான் போகலைன்னா வேற ஒருத்தன் போவான். அவன் அப்படியே சொல்லிருவான்."

அன்றைக்கு அவரை ஒரு பெரிய வீரராகத்தான் நினைத்தேன். வயதுக் கோளாறு.

இத்தனைக்கும் பொய் உபதேசத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஞானோபதேச வகுப்பில் மற்றப் பாடத்தையெல்லாம் வேகமாக ஓட்டிவிட்டு இதற்கு மட்டும் நின்று நிதானமாகப் பேசுவார். "உனக்கு என்ன வேணுமோ அத மட்டுமே ஒருத்தன் சொன்னான்னா, உஷாரா இரு. ஒரு வசனத்த மட்டும் பிச்சு எடுத்துக் கையில குடுத்தான்னா, அது இருந்த பக்கத்த முழுசாப் படி. கேள்வி கேட்டதும் மூஞ்சி மாறிச்சுன்னா, எழுந்து வந்துரு. ஆண்டவரப் பத்திப் பேசுறத விடத் தன்னப் பத்தி அதிகமாப் பேசினான்னா, உக்காரவே உக்காராத." இன்றைக்கும் எந்தப் பிரசங்கம் கேட்டாலும் என் மனசு தானாக இதை உரசிப் பார்க்கும். மனுஷன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

மேடையில் மட்டும்தான் அவர் இப்படி என்று நினைக்க வேண்டாம். நடுவில் எங்கே நிறுத்தினாலும் இதே வேலைதான். தலைமை ஆசிரியர் கோபமாகச் சொல்லியனுப்பும் திட்டு, சார் வழியாக வந்தால் வேண்டுகோளாக இருக்கும். எதிர்வீட்டுக்காரர் எங்கள் அப்பாவைப் பற்றிக் கேவலமாகப் பேசி, போய்ச் சொல்லுங்க என்று அனுப்பினால், "உங்க மேல ஒரு வருத்தத்துல இருக்காரு" என்று வந்து நிற்பார். சொந்தமாக ஒரு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் ஆள் தடுமாறிப்போவார். பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரைக்கு மேடையேற்றினார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு, இடதுபக்கம் யாரோ நிற்பதுபோலத் திரும்பிப் பார்த்து, அப்படியே இறங்கிவிட்டார். அந்தக் கதையை வைத்து நாங்கள் அவரை வெகுநாள் கிண்டல் செய்தோம்.

அவருக்கு ஒரே மகன், குவைத்தில். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குத்தான் போன் வரும். அவர் மனைவியை நாங்கள் ஆன்ட்டி என்போம். ஆன்ட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் சரியாகப் பிடிபடாது. ரிசீவரை சார் வைத்துக்கொண்டு, கேட்டதை ஆன்ட்டிக்குச் சொல்லுவார். பக்கத்தில் நிற்கும் எனக்கு அந்தப் பையன் கத்துவது கேட்கும். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்திருக்கிறான், ஒரு ரூமில் ஏழு பேர் படுக்கிறோம், ஊருக்கே வந்துவிடலாம் போலிருக்கிறது. சார் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு ஆன்ட்டி பக்கம் திரும்பி, "நல்லா இருக்கானாம். சாப்பாடுதான் நம்ம ஊரு மாதிரி இல்லையாம்" என்பார். ஆன்ட்டி சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஆன்ட்டி பிள்ளையை நினைத்து ஏங்கியது கொஞ்சமில்லை. அந்த ஏக்கத்துக்கு அவர் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு அந்த அமெரிக்கப் போதகரின் ஒரு வாக்கியம். "தூரத்துல இருக்கிற பிள்ளை பக்கத்துல ஆண்டவர் உக்காந்திருக்கார். நீ இங்க அழற சத்தம் அங்க அவருக்குக் கேக்குது." கூட்டத்தில் கேட்ட நாளிலிருந்து இதைச் சொல்லாத நாள் கிடையாது. அரிசி களையும்போது சொல்லுவார், பூ கட்டும்போது சொல்லுவார். நோட்டீஸிலிருந்து போதகர் படத்தைக் கத்தரித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். "எந்தத் தேசத்து மனுஷனோ, என் வயித்துக்குள்ள பூந்து பாத்த மாதிரி பேசினாரே பாப்பா" என்பார் என்னிடம்.

அந்தக் கூட்டத்திலும் நான் பின்னால் நின்றிருந்தேன். உங்கள் பிள்ளைகள் தங்கமும் காருமாகத் திரும்புவார்கள் என்றுதான் போதகர் சொன்னார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்ததும், அழுகிற சத்தமும் சாருடையது. ஆன்ட்டி அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லும்போது சார் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஒரு தடவை அந்தப் பேப்பருக்குப் பின்னால் அவர் சிரித்ததைப் பார்த்தேன். வெட்கச் சிரிப்பு.

அடுத்த வருஷம் போதகர் வரும்போது, கூடவே சென்னையிலிருந்து ஒரு இளைஞரை மொழிபெயர்ப்புக்குக் கூட்டி வந்துவிட்டார். கமிட்டிக்காரர்கள் சாரிடம் வந்து, "நீங்க ரெஸ்ட் எடுங்க சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இளைஞர் கெட்டிக்காரர். ஒரு வார்த்தை சிந்தாமல் அப்படியே சொன்னார்.

அதற்கு முந்தின வாரம்தான் ஆன்ட்டிக்கு மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்திருந்தது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பார்த்த பெண் டாக்டர், உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்திருந்தார். சார் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டார். துணைக்கு இருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். ஆன்ட்டி பயந்தாலும் ஒத்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் போதகர் நோயைப் பற்றிப் பேசினார். கத்திக்குத் தன் உடம்பைக் கொடுக்கிறவன் கர்த்தரைக் கைவிட்டவன், மருந்தைத் தூக்கி எறிகிறவனுக்கே சுகம் என்றார். இளைஞர் அதை அப்படியே கணீரென்று தமிழில் சொன்னார். பாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஆன்ட்டி இரண்டு கையையும் தூக்கி "ஆமென்" என்றதை மேடையிலிருந்து பார்த்தேன். மதகுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஆற்றில் என்ன வருகிறது என்று இத்தனை வருஷமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் வாய் வைப்பதற்கு முன் முகர்ந்தாவது பார்த்திருப்பார்கள். அந்தப் பழக்கமே விட்டுப்போகும்படி சார் செய்துவிட்டார்.

மறுநாள் காலையில் சார் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. சார் சத்தம் போட்டு அதுவரை நான் கேட்டதில்லை. நானும் அம்மாவும் ஓடினோம்.

"அது அந்த ஆளு சொன்னது இல்லடி. பிள்ளை பக்கத்துல உக்காந்திருக்காருன்னு சொன்னது நானு. அவன் தங்கம்னான், காருன்னான். நான்தான் மாத்திச் சொன்னேன். இத்தன வருஷமும் நான்தான் மாத்திச் சொன்னேன்."

ஆன்ட்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்குப் பதிலா வேற ஆளு வந்தது மனசுல இருக்கு. இருக்கத்தான் செய்யும். அதுக்காக தேவ மனுஷன் வார்த்தைய உங்க வார்த்தைன்னு சொல்லாதீங்க. பாவம்ங்க அது."

"சத்தியமா நான் சொன்னதுடி."

"நீங்க எப்ப அப்படியெல்லாம் பேசியிருக்கீங்க?"

சார் என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. நீ கேட்டவதானே."

நான் சொன்னேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். "சார் சொல்லிக்குடுத்தத ஒப்பிக்காத பாப்பா" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு, ஆன்ட்டி போதகர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆபரேஷனுக்குக் குறித்த நாள் வந்தது, போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில், எங்கள் சர்ச் குருவானவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சார் எழுந்து நின்றார். எழுதி வைத்துக்கொண்டுகூட வரவில்லை. "அந்தப் போதகர் சொன்ன நல்ல வார்த்தைங்க எதுவும் அவரு சொன்னது இல்ல. நான் சொன்னது. அவரு நிஜமா சொன்னது இப்பத்தான் உங்களுக்குக் கேக்குது. அத நம்பாதீங்க" என்றார். சர்ச் முழுக்கச் சலசலப்பு. புது ஆள் வந்தது சாருக்குப் பொறுக்கவில்லை என்று ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். வெட்டாற்றுப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுந்து, "அப்ப நாங்க அழுததெல்லாம் எதுக்கு சார்?" என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

கடைசியாக, சாரிடம் ஞானோபதேசம் படித்து இப்போது பேங்க்கில் இருக்கும் ஒரு பையன் எழுந்தான். "பொய் உபதேசத்துக்கு நாலு அடையாளம் சொல்லிக்குடுத்தீங்க சார். ஜனத்துக்குத் தெரியாம வார்த்தைய மாத்திக் குடுக்கிறவரையும் அதுல சேத்துக்கலாமா?"

சார் "சேத்துக்கப்பா" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

நியாயமாகப் பார்த்தால் பையன் கேட்டது சரிதான். ஆனாலும் எனக்கு அன்றைக்கு அவனை அறையலாம்போல இருந்தது. சாரையும்தான். நல்ல தண்ணீரைக் கொடுக்கத் தெரிந்தவர், அது யார் வீட்டுக் கிணறு என்று சொல்லியிருக்கக் கூடாதா?

மாதங்கள் போயின. ஆன்ட்டி மெலிந்தார். கை வீங்கியது. சமையல் சார் கைக்கு வந்தது. யாரைப் பார்த்தாலும், "நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்" என்று கேட்க ஆரம்பித்தார். பால்காரரிடம்கூடக் கேட்டார். ஆன்ட்டியின் அண்ணன் வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். குருவானவர் வந்து, பக்கம் பக்கமாக வேதத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். ஆன்ட்டி எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். "உங்க அன்புக்கு ஸ்தோத்திரம். ஆனா நான் ஆண்டவர விட்டுட்டு வர மாட்டேன்" என்றார். அவருக்கு ஆண்டவரும் அந்த அமெரிக்கரும் ஒன்றாகக் கலந்து போயிருந்தார்கள். கலந்து விட்டவர் யார் என்று சாருக்குத் தெரியும்.

போதகர் மறுபடி தஞ்சாவூர் வந்தபோது சாருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அந்த ஆளையே சொல்ல வைப்பது. கமிட்டிக்காரர்களிடம் மன்றாடி, லாட்ஜ் அறையில் தனி ஜெபத்துக்கு நேரம் வாங்கினார். ஆன்ட்டி துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்.

நாங்கள் போனபோது சென்னை இளைஞர் கீழே எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருந்தார். போதகருக்குக் காய்ச்சல் போலிருந்தது, சால்வை போர்த்தியிருந்தார். ஆன்ட்டியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்ணில் நிஜமான இரக்கம் இருந்தது. அவர் அயோக்கியராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

சார் இங்கிலீஷில் கெஞ்சினார். ஆபரேஷனுக்குப் போகச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால்தான் கேட்பாள், நான் உங்களுக்காக இத்தனை வருஷம் பேசியிருக்கிறேன், எனக்காக நீங்கள் இந்த ஒன்றைப் பேசுங்கள். போதகர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். மகளே, இவ்வளவு தூரம் விசுவாசத்தில் வந்துவிட்டாய். இப்போது ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் எல்லாம் வீண். உன் கணவனுடைய பயத்துக்கு இடம் கொடுக்காதே.

சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்புக்காக சாரைப் பார்த்தார்.

ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. சர்ச்சில் அத்தனை பேர் முன்னால் நின்று அவமானப்பட்ட மனுஷன், இனி ஒரு வார்த்தை மாற்றமாட்டேன் என்று குருவானவரிடம் சொல்லியிருந்த மனுஷன், தொண்டையைச் செருமினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போ மகளே. டாக்டரோட கையும் ஆண்டவர் செஞ்ச கைதான். போனா விசுவாசம் இல்லாதவன்னு ஆயிராது. உன் பிள்ளை திரும்பி வரும்போது நீ வாசல்ல நிக்கணும். உன்ன நம்பி ஒரு வீடு இருக்கு. போயிட்டு வா."

போதகர் அவ்வளவுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஜனங்கள் எப்போதும் போதகர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாரைக் கேட்பார்கள். ஆன்ட்டி அன்றைக்குப் போதகரைப் பார்க்கவில்லை. காது மந்தமானதால் சாருக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் கண்ணிலிருந்து தண்ணீர் சட்டைக் காலரில் இறங்கியது. போதகர் கண்ணில் ஒரு சொட்டும் இல்லை.

"இது யாரு சொல்றது?" என்றார் ஆன்ட்டி.

"அவருதான்."

"என்னப் பாத்துச் சொல்லுங்க."

சார் பார்க்கவில்லை.

"அப்ப பிள்ளை பக்கத்துல ஆண்டவர் உக்காந்திருக்காருன்னதும் நீங்கதானா?"

ஆன்ட்டி போதகர் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். அப்புறம், "வீட்டுல ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கீங்களா?" என்றார். எழுந்து, "வாங்க, ஆட்டோ பிடிங்க" என்றார்.

லாட்ஜிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே பெண் டாக்டர்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு சாரையும் என்னையும் வெளியே கூப்பிட்டார். நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். போன வருஷம் கொடுத்த தேதிக்கு வந்திருக்கக் கூடாதா என்று கேட்டவர், சார் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வார்டில் சேர்த்தோம். மகன் வரவில்லை. பாஸ்போர்ட்டை முதலாளி கொடுக்கவில்லை, பையன் அங்கே அழுகிறான் என்று சார் அப்படியே சொன்னார். பூசி மெழுகவில்லை. ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இத்தன நாளா இதத்தான் சொல்லிட்டு இருந்தானா?" என்றார். "ஆமா" என்றார் சார்.

தினமும் பார்வை நேரத்துக்கு நானும் கூடப் போவேன். சார் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். மைதானம் நிறைந்த ஜனத்தை அழ வைத்த அந்தக் குரலுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

"ஏதாவது சொல்லுங்களேன்" என்பார் ஆன்ட்டி.

"கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சேன். வேற சொல்லுங்க."

சார் வாயைத் திறப்பார். மூடிக்கொள்வார். ஜன்னலைப் பார்ப்பார். நாள் தவறாமல் இதுதான். ஆன்ட்டிக்கு நாள் அதிகம் இல்லை என்று அந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் பேசினீரே, இந்த ஒரு மனுஷிக்குச் சொல்ல உம்மிடம் ஒரு வார்த்தை கிடையாதா என்று கத்த வேண்டும்போல இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. இந்த மனுஷனுக்கு யாராவது முதலில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவருக்கு நாக்கு எழும்பும்.

நான் அவருக்கு இடதுபக்கம் போய் நின்று, மெதுவாக இங்கிலீஷில் சொன்னேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்று.

சார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் ஆன்ட்டியிடம்.

அடுத்த வாக்கியத்துக்காகக் கொஞ்சம் நின்றார். என்னிடம் அடுத்தது இல்லை.

"நீ இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்படிப் போவேன்னு தெரியல" என்றார் சார். அது நான் சொன்னதில்லை. "வெளக்கு ஏத்தக்கூட எனக்குத் தோணாது. நீ அந்த ஆளு சொன்னதுன்னு சொல்லிச் சொல்லி... எனக்கு அதக் கேக்க நல்லா இருந்துச்சு. அதான் சொல்லாம இருந்துட்டேன். எனக்கு அது நல்லா இருந்துச்சு." வார்த்தை திக்கியது, பாதியில் அறுந்தது, சொன்னதையே திரும்பச் சொன்னார். பள்ளிப்பிள்ளைகூட அதைவிடக் கோர்வையாகப் பேசும். ஆன்ட்டி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, நல்ல காதை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

நர்ஸ் வந்து, நேரம் முடிந்துவிட்டது, எல்லோரும் கிளம்புங்கள் என்றாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றார் ஆன்ட்டி. "இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காரு."